ஈ.பி.எஃப் விழாத பட்டதாரி

என் வாப்பா லேசில் பயப்படுகிற மனிதர் இல்லை. இறால் குளத்து மடைக்குள் பாம்பு கிடந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி அடுத்த காணிக்குள் எறிந்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார். அப்படிப்பட்டவர், நான் பட்டம் முடித்து வீட்டில் இருந்த காலத்தில் ஒரே ஒரு விஷயத்துக்குப் பயந்தார். ஈ.பி.எஃப்.

எங்கள் நாட்டில் தனியார் வேலைக்குப் போனால் சம்பளத்தில் ஒரு பங்கை வெட்டி, முதலாளியும் தன் பங்கைச் சேர்த்து, வேலை செய்கிறவரின் பெயரில் வயதான காலத்துக்கென்று போட்டுவைப்பார்கள். அதுதான் ஈ.பி.எஃப். மற்ற எல்லோருக்கும் அது ஒரு பிடிமானம். அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளுக்கு மட்டும் அது ஆகாது. முன்பு ஒருமுறை அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாக வேலைக்கு எடுத்தபோது, பெயரில் ஈ.பி.எஃப் விழுந்திருந்தவர்களை, உங்களுக்குத்தான் வேலை இருக்கிறதே என்று வெட்டிவிட்டார்கள் என்ற கதை எங்கள் பக்கமெல்லாம் பரவியிருந்தது. அதற்குப் பிறகு கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், முடித்த பிள்ளைகள் ஈ.பி.எஃப் வெட்டுகிற வேலைக்குக் கிட்டவும் போகமாட்டார்கள். கடையில் நின்றால் கைக்காசு. டியூட்டரியில் படிப்பித்தால் கைக்காசு. பெயர் எங்கேயும் பதியக் கூடாது. வெள்ளைத் துணியில் கறை படாமல் பார்ப்பதுபோல் பெயரைப் பார்த்துக்கொண்டு, நியமனம் இதோ வருகிறது என்று இருப்போம்.

வாப்பா இந்தக் கதையை முந்தல் சந்தியில் தேநீர் குடிக்கும்போது கேட்டிருக்கிறார். ஈ.பி.எஃப் என்றால் என்ன என்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. மகளின் பெயரில் அது விழுந்தால் மகளின் படிப்பு வீண் என்பது மட்டும் அவருக்கு விளங்கியிருந்தது. அவ்வளவு போதுமாக இருந்தது.

அவருடைய பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். தொண்ணூறில் போரில் விரட்டப்பட்டு எங்கள் ஆட்கள் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டபோது வாப்பா ஏழாம் வகுப்பில் இருந்தார். வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள் முதலில் தேடியது தண்ணீரும் கூரைக்குக் கிடுகும்தான். பள்ளிக்கூடத்தைத் தேடும்போது அவருக்கு உடம்பு வளர்ந்துவிட்டது, வேலைக்குப் போய்விட்டார். உம்மா வெங்காயத் தோட்டங்களுக்குப் போனவர், தன் பெயரை எழுதுவார், அதற்கு மேல் வராது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பதினோராம் வகுப்புப் பரீட்சையான ஓ.எல். தாண்டிய முதல் ஆள் நான். ஏ.எல். எழுதிய முதல் ஆள் நான். கிழக்கில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் பெட்டியோடு பஸ் ஏறிய முதல் ஆளும் நான்தான். புவியியல் படித்தேன். இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். பணிவாகச் சொன்னால் வாப்பா கோபிப்பார்.

நான் பட்டம் பெற்றபோது ஊர் இளைஞர்கள் சந்தியில் ஒரு பேனர் கட்டினார்கள். வாழ்த்து, என் பட்டம், எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவின் பெயர் எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. பெண்பிள்ளையின் முகத்தைச் சந்தியில் போடக் கூடாது என்று என் படம் வரவேண்டிய வட்டத்துக்குள் ஒரு ரோசாப்பூவைப் போட்டிருந்தார்கள். உம்மாவோடு தோட்டத்துக்குப் போகிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, பூ உன் மகள் மாதிரியே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். உம்மா அதை நம்பி வந்து என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. ஊரில் ஒருவரும் என்னை வேலைக்குக் கேட்டு வரவில்லை. சந்திப் பாமசிக்கு ஒரு பெண்பிள்ளை தேவைப்பட்டிருக்கிறது. என்னைத் தாண்டிப் போய் அடுத்த தெருப் பிள்ளையைக் கேட்டிருக்கிறார்கள். பிறகு நான் மருந்து வாங்கப் போனபோது கடைக்காரர் நெளிந்துகொண்டு சொன்னார், உங்களப் போய் இந்த வேலைக்கு எப்பிடிக் கேக்கிற மிஸ், மரியாதையா இரிக்காதே என்று. மரியாதை கூடக்கூட எனக்குக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தன.

புத்தளத்தில் ஒரு லீசிங் கம்பனியில் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். வாப்பாவும் வந்தார். நான் உள்ளே இருந்த நேரம் முழுக்க அவர் றோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்துக்குக் கீழே நின்றார். என்னைப் பிடித்துப்போனது அவர்களுக்கு. அடுத்த வாரமே வரச் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் வாப்பா சம்பளம் கேட்கவில்லை, என்ன வேலை என்று கேட்கவில்லை. பாலாவி தாண்டியதும் மெதுவாகக் குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி, "ஈ.பி.எஃப் வெட்டுவாங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு முந்தல் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அந்த வேலைக்குப் போகவில்லை.

அன்றைக்கு நானும் அவரைப் போலவே நம்பினேன். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பிழையாகிவிடும். நியமனம் வரும், ஏதாவது ஒரு செயலகத்தில் மேசையும் கதிரையும் கிடைக்கும், படித்த படிப்புக்கு அதுதான் விலை என்று நினைத்தேன். இரண்டு நோன்புப் பெருநாள் போனது. என்னோடு கம்பஸில் படித்தவர்கள் வட்சப் குழுவில் தினமும் காலையில் ஒரே கேள்வியைப் போடுவார்கள், ஏதும் நியூஸ் இருக்கா என்று. ஒருவரிடமும் நியூஸ் இருக்காது. பின்னேரங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். பகலில் உம்மாவின் கோழிகளை விரட்டினேன்.

அந்தக் காலத்தில் என்னை உண்மையில் சுட்டது ஒரு விஷயம். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு மாமி தன் மகளை ஓ.எல்லோடு நிறுத்திவிட்டார். கெட்டிக்காரப் பிள்ளை, என்னிடம் பாடம் கேட்டு வருகிறவள். ஏன் மாமி என்று கேட்டேன். அவர் உடுப்பு காயப்போட்டுக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்: "உன்னப் பாத்துத்தான் மகள். அவ்வளவு படிச்சிட்டு நீயும் கோழிதானே விரட்டுறாய்." நான் சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன். எனக்கு வேலை இல்லாதது என்னுடைய தொல்லை மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் சும்மா இருப்பு இன்னொரு பிள்ளையின் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில், பஸ்ஸுக்கு நிற்கும்போது இறாலுக்குப் போடும் தீன் விற்கிற கடையின் சுவரில் ஓர் அறிவித்தலைக் கண்டேன். அந்தப் பகுதி இறால் பண்ணைக்காரர்களின் சங்கத்துக்கு ஓர் ஆள் தேவை. தமிழும் சிங்களமும் தெரிய வேண்டும், வரைபடம் பார்க்கத் தெரிய வேண்டும், பண்ணைகளுக்குப் போய்வர வேண்டும், பட்டதாரி என்றால் நல்லது. தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்பதைச் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தார்கள். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். ஹொஸ்டலில் என் அறையில் இருந்தவள் குருநாகல் பக்கத்துப் பிள்ளை. அவள் எனக்குச் சிங்களம் சொல்லித்தந்தாள், பதிலுக்குப் பெருநாள் முடிந்து நான் கொண்டுபோகிற வட்டிலப்பத்தை ஒரே மூச்சில் முடித்தாள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது அவளை நினைத்தேன். கம்பஸில் நான் படித்ததில் எது பாடம், எது பாடம் இல்லை என்று இன்றைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியாது.

வாப்பாவிடம் சொல்லாமல் நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். உம்மாவுக்கு மட்டும் தெரியும்.

சங்கத்தின் அறை தீன் கடையின் பின்பக்கம் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் தலைவர், சிலாபம் பக்கத்துச் சிங்கள மனிதர், நல்ல தமிழ் கதைப்பார். மற்றவர் எங்கள் சமூகத்து ஆள், பெரிய பண்ணை முதலாளி. வாப்பா வேலை செய்வது அவருடைய பண்ணையில்தான். நான் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது. கூலி ஆட்களின் பிள்ளைகளை முதலாளிமாருக்கு எப்படித் தெரியும்?

தலைவர் வேலையை விளக்கினார். வாவியையும் ஒல்லாந்தர் வாய்க்காலையும் சுற்றியுள்ள எல்லாப் பண்ணைகளும் ஒரே தண்ணீரைத்தான் எடுக்கின்றன, ஒரே தண்ணீருக்குள்தான் விடுகின்றன. ஒரு குளத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டால் பக்கத்துக் குளங்களும் சாகும். அதனால் பண்ணைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, யார் எப்போது குஞ்சு விடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறை தமிழ் ஊர்களில் உள்ள சின்னப் பண்ணைக்காரர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் ஏன் என்று விளங்காததால் அவர்கள் கேட்பதில்லை. போய் விளங்கப்படுத்த ஓர் ஆள் தேவை.

முதலாளி அதுவரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "கம்பஸ் புள்ளையா?" என்றார். "கம்பஸ்ல இறால் பிடிக்கவும் படிப்பிக்கிறாங்களா?"

"இல்ல. இறால் பிடிக்கிறதப் பத்தி என்ட வாப்பாக்கிட்டத்தான் கேக்கணும். அவர் உங்கட பண்ணையிலதான் இரிக்கிறார். நான் படிச்சது தண்ணி எங்க போகுது எண்டத."

தலைவர் சிரித்துவிட்டு, அப்படியென்றால் எங்கள் தண்ணீர் எங்கே போகிறது என்று சொல்லுங்கள் என்று சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார். நான் எழுந்து வாய்க்காலையும் வாவியையும் முகத்துவாரத்தையும் கீறினேன். இறுதி ஆண்டு ஆய்வுக்கு நான் எடுத்தது இதே வாய்க்கால்தான். தண்ணீர் ஓடும் திசையும் வேகமும் பார்க்க எதையாவது மிதக்கவிட்டு, அதன் கூடவே கரையில் நடக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தென்னை மரத்தடியில் சும்மா கொட்டிக் கிடப்பது குரும்பட்டி, பிஞ்சுத் தேங்காய். தூரத்திலும் தெரியட்டும் என்று அவற்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துப் பாலத்திலிருந்து போட்டேன். தனியாகப் போகக் கூடாது என்று உம்மா குடையோடும் ஒரு பை நிறையக் குரும்பட்டியோடும் கூட வந்தார். படித்துப் படித்துப் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஊரில் கதைத்தார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது முதலாளி கையை உயர்த்தினார்.

"பொறு, பொறு. அந்தச் சிவப்புக் குரும்பட்டி உன்ட வேலையா?"

"ஓம்."

"அது என்ட மடையில வந்து சிக்கிச்சு, தெரியுமா? ஆரோ செய்வினை வெச்சிட்டாங்க எண்டு ஒரு ஆளும் தொடல்ல. நான் லெப்பையக் கூட்டிட்டு வந்து ஓதித்தான் அத எடுத்தது."

தலைவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையில் இருந்த தேநீர் மேசையில் ஊற்றுப்பட்டது. லெப்பைக்குக் கோழியும் கொடுத்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்து முறைத்தார். நான் சிரித்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்கு வேறு ஒன்று பிடிபட்டிருந்தது. அந்தக் குரும்பட்டிகளில் சில காணாமல்போயிருந்தன. என் ஆய்வில் அந்த இடத்தில் காணவில்லை என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அதே பண்ணையில் நிற்கும் வாப்பாவும் வீட்டில் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

"நானா," என்றேன், அண்ணன் முறை வைத்து, "நான் அதப் போட்டது உங்கட மடைக்குக் கீழ. பாலத்தில. அது எப்பிடி மேல வந்து உங்கட மடையில சிக்கிச்சு எண்டு யோசிச்சீங்களா?"

நான் பலகையில் காட்டினேன். முகத்துவாரத்தை மண் மூடியிருக்கும் காலத்தில் தண்ணீர் கடலுக்குப் போவதில்லை. காற்று தள்ளுகிற பக்கம் போகும், காற்று மாறினால் திரும்பி வரும். குளத்தைத் திறந்துவிட்டால் அழுக்குத் தண்ணீர் போய்விட்டது என்று நாங்கள் நினைக்கிறோம். அது பாலம் வரைக்கும் போய்விட்டுப் பின்னேரம் எங்கள் மடைக்கே வந்து நிற்கிறது. குரும்பட்டி வந்தால் நோயும் வரும்.

முதலாளி எழுந்து வந்து பலகைக்குக் கிட்ட நின்றார். தன் பண்ணை எது என்று கேட்டார். காட்டினேன். அந்த முறை எனக்கு மூன்று குளம் செத்தது என்றார், யாருக்கும் சொல்லாததுபோல் மெதுவாக. பிறகு தலைவரிடம் திரும்பி, இந்தப் பிள்ளை நம்முடைய சின்னப் பண்ணைக்காரர்களிடம் இதை இப்படியே சொல்லட்டும், ஆனால் லெப்பைக் கதையை விட்டுவிட்டுச் சொல்லட்டும் என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். எங்கள் சங்கத்தில் எல்லாம் சட்டப்படி, முதல் மாதத்திலிருந்தே ஈ.பி.எஃப் உண்டு என்று தலைவர் பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் பஸ்ஸும் ஜன்னலும் வாப்பாவின் முகமும் ஞாபகத்துக்கு வந்தன.

நான் வீட்டுக்குப் போக முன்பே செய்தி போய்விட்டது. முதலாளி பண்ணைக்குப் போய், உன் மகள் எங்கள் சங்கத்துக்கு வருகிறாள், தெரியுமா என்று எல்லோருக்கும் முன்னால் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். வாப்பா வந்து குளித்து, மஃரிப் தொழுதுவிட்டு, பால் விடாத பிளேன்ரீயை வைத்துக்கொண்டு இருந்தார். குடிக்கவில்லை.

"ஈ.பி.எஃப் வெட்டுவாங்களா?"

"ஓம் வாப்பா. முதல் மாசத்திலயே."

"அப்ப வேணாம்."

நியமனம் இந்தப் பெருநாளுக்குப் பிறகு கட்டாயம் வருமாம் என்று யாரோ சொன்னதைச் சொன்னார். அது எல்லாப் பெருநாளுக்கும் சொல்கிற கதை என்றேன். கொஞ்சம் பொறு என்றார். பொறுத்துத்தான் இருக்கிறேன் என்றேன். அவர் குரல் உயரவில்லை. எங்கள் வாப்பா கத்துகிறவர் இல்லை. கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு, கடைசியில் நெஞ்சில் இருந்ததைச் சொன்னார்.

"நான் இறங்கின சேத்துக்கே உன்னத் திருப்பி அனுப்பவா மகள் படிப்பிச்சன்? என்ட முதலாளிக்கு முன்னால போய் நிக்கவா?"

"நான் சேத்துல இறங்கப் போகல்ல வாப்பா. வரம்புல நிண்டு அவங்களுக்கு விளங்கப்படுத்தப் போறன்."

"வரம்பும் சேறுதான்."

அப்போதுதான், வாதத்துக்காக இல்லாமல் உண்மையில் தெரிந்துகொள்ள நினைத்து, நான் இத்தனை வருடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். வாப்பாவுக்கு ஈ.பி.எஃப் இருக்கிறதா என்று. அவர் சிரித்தார். எனக்கு எதற்கு, நான் என்ன அரசாங்க வேலையா கேட்கப் போகிறேன் என்றார். அவர் ஈ.பி.எஃப் என்றால் பெயரில் குத்துகிற ஒரு சீல் என்று நினைத்திருந்தார். இவர் தனியார் ஆள், இனி அரசாங்கம் இவரை எடுக்காது என்கிற சீல். அவ்வளவுதான்.

நான் பக்கத்தில் இருந்து சொன்னேன். அது வேலை செய்கிறவரின் சொத்து, வயது போய் மடை தூக்க முடியாத காலத்தில் கைக்கு வருவது என்று. வாப்பா என் பக்கம் திரும்பினார்.

"முதலாளியும் போடுவாரா?"

"போடணும் வாப்பா. உங்கட பங்க விடக் கூடப் போடணும்."

"விருப்பமெண்டாலா?"

"விருப்பம் இல்லாட்டியும். சட்டம்."

வாப்பா ஆறிப்போன பிளேன்ரீயை ஒரே மடக்கில் குடித்தார். தன் கையைப் புரட்டிப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் ஊறி விரல் இடுக்கெல்லாம் வெளுத்த கை அது. அதுவரைக்கும் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த உம்மா, அங்கிருந்தே பேசினார். கலியாணத்துக்கு வாங்கின பட்டுச் சாரி மாதிரிப் பிள்ளையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள் என்றார். "மடிப்பில கிழிஞ்ச பிறகு ஆருக்கு உடுத்தக் குடுக்கப் போறீங்க?"

வாப்பா ஓம் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் அபாயாவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மோட்டார்சைக்கிளின் பின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்துவிட்டு, இந்தச் செருப்போடு வரம்பில் நடந்தால் விழுவாய், பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து இருந்தால் அதைப் போடு என்றார். அது ஓம் சொல்வதைவிடப் பெரியது.

வேலை லேசாக இருந்தது என்று சொல்லமாட்டேன். முதல் வாரத்தில் ஒருவர் என்னைச் சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்துப் பின்வாசலால் போய்விட்டார். இன்னொருவர், கலியாணம் முடித்துவிட்டீர்களா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தண்ணீரைப் பற்றிக் கதைத்தார். ஆனால் தண்ணீர் எங்கே போகிறது என்று கீறிக் காட்டத் தொடங்கினால் எல்லோரும் குந்திவிடுவார்கள். பண்ணைக்காரருக்குத் தன் தண்ணீர் போகிற இடத்தைவிடப் பெரிய கதை இல்லை. பலர் வாசிக்கக் கஷ்டப்படுவதைக் கண்டு, யாருடைய முறை எப்போது என்பதை வட்சப்பில் குரலாகப் பதிந்து அனுப்பினேன், முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். ஒருநாள் முந்தல் சந்தித் தேநீர்க்கடைக்கு முன்னால் நடந்து போகும்போது உள்ளே யாருடையதோ போனில் என் குரலே எனக்குக் கேட்டது. இரண்டு பேர் அதை வைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள், இந்த மாதம் என்னுடைய முறை, உன்னுடையது இல்லை என்று. நின்று கேட்டுவிட்டுப் போனேன்.

வாப்பாவின் பண்ணைக்குப் போவதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவரும் எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. போன அன்றைக்கு அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று மடைப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார். கூட மூன்று நான்கு ஆட்கள். முதலாளி வரம்பில் முன்னே நடந்து, சங்கத்து மிஸ் வந்திருக்கிறாங்க என்று சத்தமாகச் சொன்னார். ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு வாப்பாவைப் பார்த்தார்கள். என்ன சொல்வார் என்று காத்திருந்தார்கள் போல.

வாப்பா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "மிஸ்," என்றார், "இங்கால வழுக்கும். அந்தப் பக்கத்தால வாங்க."

அவர் பகிடியாகச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா, முதலாளிக்குக் கேட்கச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சரி வாப்பா," என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்துக்கொண்டு மறுபடி குனிந்து பலகையைத் தூக்கினார். அன்று பின்னேரம் வீட்டில் உம்மா விசாரித்தபோது, பிள்ளை நல்லா விளங்கப்படுத்துது, ஆனால் சத்தம் காணாது, காற்றில் கேட்காது, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கதைக்கச் சொல் என்றார்.

அந்த மாதம் முடிந்து முதல் சம்பளச் சீட்டு வந்தது. அதில் என் பெயரும் ஈ.பி.எஃப் இலக்கமும் இருந்தன. கறை விழுந்துவிட்டது. வட்சப் குழுவில் சொன்னேன். சிலர் பைத்தியமா என்று கேட்டார்கள். இரண்டு பேர் தனியாக எழுதி, அங்கே இன்னும் ஆட்கள் எடுக்கிறார்களா என்று கேட்டார்கள். நியமனம் இதை எழுதும் வரைக்கும் வரவில்லை. வந்தால் என் பெயர் வெட்டுப்படலாம், படாமலும் போகலாம். அதை நினைத்து எனக்கு நித்திரை கெடுவதில்லை. மகளைத் திரும்பப் படிக்க விடச் சொல்லிப் பக்கத்து வீட்டு மாமியோடு வேலிக்கு மேலால் இன்னும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் மகளை என்னிடம் சிங்களம் படிக்க அனுப்புகிறார், சும்மாதானே இருக்கிறாள் என்று.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வாப்பா தனியாக வரவில்லை. பண்ணையில் கூட வேலை செய்கிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியுமாக, இஸ்திரி போட்ட சாரத்தில், பெண் பார்க்க வந்தவர்கள்போல் கதிரை நுனியில் இருந்தார்கள். உம்மா வட்டிலப்பம் வைத்தார். ஒருவரும் எடுக்கவில்லை. வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, இவர்களுக்கு உன்னிடம் ஒரு கதை கேட்க வேண்டுமாம் என்றார். அவர்களோ வாப்பாவைப் பார்த்து, நீங்களே கேளுங்கள் என்றார்கள். கொஞ்ச நேரம் இந்தத் தள்ளுமுள்ளு நடந்தது. கடைசியில் வயதில் மூத்தவர் கேட்டார்.

"நாங்க நாட்கூலி. எங்களுக்கும் அந்த இலக்கம் எடுக்கலாமா புள்ள?"

எடுக்கலாம் என்றுதான் நான் படித்திருக்கிறேன், ஆனால் நான் இந்த விஷயத்தில் தேர்ந்தவள் இல்லை, புத்தளத்தில் தொழிலாளர் விஷயம் பார்க்கிற தொழில் அலுவலகத்தில் போய்க் கேட்டால்தான் நிச்சயமாகத் தெரியும் என்றேன். இதுவரைக்கும் வேலை செய்த காலத்துக்கும் கேட்கலாமா என்றார் மற்றவர். அதையும் கேட்போம் என்றேன். முதலாளிக்குக் கோபம் வருமே என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். என்னை வேலைக்கு எடுத்தவர்களில் ஒருவர் அவர். வாப்பாவுக்குக் கூலி கொடுப்பவரும் அவர். பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் குளங்கள் செத்ததை மெதுவாகச் சொன்னவரும் அவர்தான். முதலில் அவரிடமே நேரில் போய்க் கதைப்போம், மனுசன் விளங்காத ஆள் இல்லை என்றார் வாப்பா. எதற்கும் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போவோம் என்றேன் நான். அதுவும் சரிதான் என்று மூன்று பேரும் தலையாட்டினார்கள். அதன் பிறகுதான் வட்டிலப்பத்தில் கை வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் புத்தளம் போவது என்று முடிவானது. நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். வந்தவர்கள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வாப்பா என் பக்கம் குனிந்தார், அன்றைக்கு பஸ்ஸில் குனிந்த மாதிரியே, அவர்களுக்குக் கேட்காத குரலில்.

"லீவு போட்டா உன்ட ஈ.பி.எஃப்புக்கு ஒண்டும் ஆகாதே மகள்?"